நெசவுக்காரி வீடு



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் குடுன்னு ஊக்குநர் அக்கா கேட்டப்ப, ராஜா ராணி கதை எனக்கு எழுத வராது, ஒரு கடையோட வரலாறு வேணும்னா எழுதுறேன்னு சொன்னேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நம்ம ஓலைப்பெட்டி, சுளகு, விசிறி எல்லாம் விக்கிறதுக்கு ஒரு கடை எடுக்கலாமா வேண்டாமான்னு மூணு கூட்டமா பேசிக்கிட்டு இருக்கோம். இன்னும் தீர்மான நோட்டுல ஏறல. இதே பேச்சை நமக்கு முன்னாடியே பேசி, கடையும் போட்டு, அதுல நல்லது கெட்டது ரெண்டையும் பார்த்த பெண்கள் மெக்சிகோ நாட்டுல இருக்காங்க. அவங்களைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

மெக்சிகோ அமெரிக்காவுக்குத் தெற்கே இருக்கிற நாடு. ரொம்பத் தூரம்னு நினைக்க வேண்டாம். நம்ம அடுப்படியில பாதிச் சாமான் அந்தப் பக்கத்துல இருந்து வந்ததுதான். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492-ல் கொலம்பஸ் அங்கே போனதுக்கு அப்புறம்தான் கப்பல் ஏறி இங்கே வந்தது. அதுக்கு முன்னாடி நம்ம குழம்புக்குக் காரம் மிளகுதான்.

இடுப்பில் கட்டும் தறி

மெக்சிகோவின் தெற்குக் கடைசியில் சியாபாஸ்னு ஒரு மாநிலம். அதுல சான் கிறிஸ்டோபல் தே லாஸ் காசாஸ் என்று ஒரு மலை நகரம். ஸ்பெயின்காரர்கள் 1528-ல் உண்டாக்கிய ஊர். கடல் மட்டத்துக்கு மேல 2,000 மீட்டருக்கும் கூடுதலான உயரம், நம்ம ஊட்டி மாதிரி குளிர். அதைச் சுத்தி இருக்கிற மலைக் கிராமங்களில் பழைய மாயா மக்களின் வழிவந்தவங்க இருக்காங்க. சோட்சில், செல்தால் என்பது அவங்க பேசுற மொழிகள்.

அந்த நகரத்தில் சாண்டோ டொமிங்கோ என்ற பழைய மடத்துக் கட்டிடத்தில் ஒரு கடை வந்தது. பேரு ஸ்னா ஹோலோபில். சோட்சில் மொழியில் இதுக்கு நெசவு செய்பவர் வீடு என்று அர்த்தம். அங்கே இந்த நெசவைச் செய்றது பெண்கள் என்பதால நான் நெசவுக்காரி வீடுன்னு எழுதுறேன்.

அவங்க தறி நம்ம பக்கத்துக் குழித்தறி மாதிரி கிடையாது. பாவு நூலின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டுவாங்க. இன்னொரு முனையை ஒரு பட்டை வச்சு இடுப்போடு சுத்திக் கட்டிக்கிட்டுத் தரையில் உட்காருவாங்க. பின்னால சாய்ஞ்சா பாவு இறுகும், முன்னால குனிஞ்சா தளரும். சில குச்சிகளும் கயிறும் பட்டையும்தான் மொத்தத் தறி. வேலை முடிஞ்சதும் பாய் மாதிரி சுருட்டி மூலையில் சாத்தி வச்சிடலாம். பிள்ளை அழுதா அவிழ்த்துப் போட்டுட்டு எந்திரிச்சுப் போகலாம். வீட்டு வேலைக்கு நடுவுல பெண்கள் செய்யத் தோதான தறி.

இதுல நெய்ற முக்கியமான உடுப்புக்கு உய்பில் என்று பேரு. ரெண்டு மூணு துண்டா நெய்து, வெட்டாம அப்படியே பக்கத்துல பக்கத்துல வச்சுத் தைச்சு, தலை நுழைய வழி விட்ட மேல்சட்டை. நெய்யும்போதே ஊடை நூலோடு கலர் நூலைக் கையால நுழைச்சு, நம்ம சேலையில புட்டா போடுற மாதிரி வடிவம் போடுவாங்க. சாய்சதுரம் போட்டா அது உலகம், நாலு திசை. தேரை போட்டா மழை. ஊருக்கு ஊர் வடிவம் வேற. உடுப்பைப் பார்த்தே இந்தப் பொண்ணு எந்த ஊருன்னு சொல்லிடுவாங்களாம். நிறைய வேலைப்பாடு உள்ள ஒரு உய்பில் முடிய மாசக்கணக்கில் ஆகும்.

இது எத்தனை பழசு என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கு. யாஷ்சிலான் என்ற பழைய மாயா நகரத்தில் கிடைச்ச கற்சிற்பங்கள் இப்போ லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கு. சுமார் 1,300 வருஷத்துக்கு முந்தியது. அதுல செதுக்கியிருக்கிற ராணி உடுத்தியிருக்கிற உய்பிலில் சாய்சதுர வேலைப்பாடு தெளிவா தெரியும். அந்த மாதிரி வடிவத்தை மலைக்கிராமத்துப் பெண்கள் இன்னிக்கும் நெய்றாங்க. 1540-கள் வாக்கில் எழுதப்பட்ட மெண்டோசா சுவடி என்ற படப் புத்தகம் ஒண்ணும் இருக்கு. அது அஸ்டெக் மக்களைப் பற்றியது. அதில் 14 வயசுப் பெண்ணுக்கு அம்மா இந்தத் தறியில் நெசவு சொல்லிக் குடுக்கிற படம் இருக்கு.

நெய்தது ஒருத்தி, எடுத்தது வேறொருத்தர்

அதே சுவடியில் இன்னொரு கணக்கும் இருக்கு. எந்த ஊர் அரசனுக்கு எத்தனை கட்டுத் துணி கப்பம் கட்டணும் என்ற கணக்கு. அஸ்டெக் ராஜ்யத்தில் துணி பணம் மாதிரியே செல்லுபடியானது. வரிச்சுமை ஊர் மேல விழுந்தாலும், அதை நெய்து தீர்த்தது பெண்களோட கை.

1521-ல் அஸ்டெக் தலைநகரத்தை ஸ்பெயின்காரர்கள் பிடிச்சாங்க. ராஜா மாறினார், கப்பம் மாறல. சியாபாஸில் காலனி அதிகாரிகள் கிராமங்களுக்குப் பஞ்சை அனுப்பி, பெண்களைக் கட்டாயப்படுத்தி நூலாகவும் துணியாகவும் திரும்ப வாங்கினாங்க. குடுத்த கூலி ரொம்பச் சொற்பம். லாபம் அதிகாரி பெட்டிக்குப் போனது.

சாயத்துக்கும் இதே கதைதான். நம்ம வேலி ஓரத்துல கிடக்கிற சப்பாத்திக்கள்ளி அங்கிருந்து வந்த செடி. அதுல ஒட்டி வளர்ற ஒரு சின்னப் பூச்சியைக் காயவச்சு அரைச்சா அருமையான சிவப்புச் சாயம். காலனிக் காலத்தில் மெக்சிகோவில் இருந்து கப்பலேறின சரக்கில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதுக்கு இருந்தது. அந்த லாபத்தைப் பார்த்து, 1780-களின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி டாக்டர் நம்ம சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார். மெக்சிகோவின் நல்ல ஜாதிப் பூச்சி இங்கே வாய்க்காததால அந்த முயற்சி எடுபடல.

நம்ம பக்கத்துல இருந்து அங்கே போனதும் உண்டு. மெக்சிகோவில் கழுத்துலயும் தலையிலயும் கட்டுற பூப்போட்ட கைக்குட்டைக்கு பாலியாகாத்தே என்று பேரு. அது நம்ம பழவேற்காடுதான். பழவேற்காட்டுத் துறைமுகத்தில் இருந்து போன கைக்குட்டைத் துணி உலகம் முழுக்கப் பிரசித்தம், அந்த ஊர் பேரே அங்கே துணிக்குப் பேராகிப் போச்சு. துணி போனது, ஊர் பேரும் கூடப் போனது. நெய்தவங்க பேரு மட்டும் எங்கேயும் போய்ச் சேரல.

வழிமறிச்சு வாங்கின காலம்

சான் கிறிஸ்டோபல் நகரத்தில் இந்த மலைக்கிராம மக்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. போன நூற்றாண்டின் பாதி வரைக்கும் நகரத்து நடைபாதையில் அவங்க நடக்கக் கூடாது, வெள்ளைக்காரங்களும் கலப்பினத்தாரும் வந்தால் இறங்கித் தெருவில் நடக்கணும் என்ற வழக்கம் இருந்தது. விடியக்காலையில் தலைச்சுமையோடு சந்தைக்கு வர்றவங்களை ஊர் எல்லையிலேயே சில நகரத்துப் பெண்கள் வழிமறிப்பாங்க. கையில இருக்கிற சரக்கைப் பிடுங்கிக்கிட்டு, தோணின காசை விட்டெறிவாங்க. அவங்களுக்கு அங்கே வழிமறிப்பவள் என்ற அர்த்தத்தில் தனிப் பேரே உண்டு. பிடுங்கினதும் பெண், பறிகொடுத்ததும் பெண்.

அதுக்கு அப்புறம் வந்தவங்க இடைத்தரகர்கள். மெக்சிகோவில் தரகருக்குக் கோயோட்டே என்று பேரு. அது நரி மாதிரி ஒரு காட்டு மிருகம். தரகர் கிராமத்துக்கே வந்து கையில ரொக்கம் குடுப்பார். ஆனா எப்போ வருவார்? வீட்டுல மக்காச்சோளம் தீர்ந்த மாசத்துல, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரத்துல அவர் சொன்னதுதான் விலை.

மத்தவங்க போட்ட கடைகள்

மெக்சிகோவில் ஏழைங்க கைவேலைக்கு மரியாதை வந்தது 1910-ல் தொடங்கின புரட்சிக்குப் பிறகு. 1921-ல், நாடு சுதந்திரம் அடைஞ்ச நூறாம் ஆண்டு விழாவில், தலைநகரத்தில் கைவினைப் பொருட்களுக்குன்னே ஒரு கண்காட்சி நடந்தது. அதுக்கு முன்னாடி படிச்சவங்க வீட்டு நடுக்கூடத்தில் ஐரோப்பியச் சாமான்தான் இருக்கும். அப்புறம் மண்சட்டியும் கம்பளியும் நடுக்கூடத்துக்கு வந்தது.

அந்தச் சமயம் பிரெடரிக் டேவிஸ் என்ற அமெரிக்கர் மெக்சிகோ நகரத்தில் கைவினைப் பொருட்களைச் சேர்த்துக் கடையில் வித்தார். அவர்கிட்ட வேலை பார்த்த ரெனே தார்னோன்கோர் என்பவர்தான் 1930-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் மெக்சிகோ கலைக் கண்காட்சி நடக்க ஏற்பாடு செய்தவர். அதுக்கப்புறம் மெக்சிகோ கைவேலை வாங்குறது அமெரிக்காவில் ஒரு மோகமாகவே ஆச்சு. 1974-ல் மெக்சிகோ அரசாங்கம் ஃபோனார்ட் என்ற நிறுவனத்தை ஆரம்பிச்சு, கைவினைஞர்கள்கிட்ட நேரா வாங்கி விக்க ஆரம்பிச்சது.

இதெல்லாம் நல்லதுதான். இந்த ஆட்கள் இல்லைன்னா பல கைத்தொழில் அழிஞ்சே போயிருக்கும். ஆனா ஒண்ணு பாருங்க. கடை வச்சவர் பேரு, கண்காட்சி நடத்தினவர் பேரு எல்லாம் புத்தகத்தில் இருக்கு. செஞ்சு குடுத்த பெண்களில் பெரும்பாலானவங்க பேரு இல்ல. விலை எழுதின கையும் அவங்க கை இல்ல.

சொந்தக் கடை

1970-களில் வால்ட்டர் மாரிஸ் என்ற அமெரிக்க இளைஞர் சியாபாஸ் வந்தார். மாயா நெசவு வடிவங்களைக் கத்துக்கணும்னு கிராமங்களில் தங்கினார். அப்போ சில ஊர்களில் பழைய நுணுக்கமான வேலைப்பாடு மறைஞ்சுக்கிட்டு இருந்தது. நல்ல விலை இல்லாதப்போ யார் மாசக்கணக்கில் உட்கார்ந்து நெய்வாங்க?

பழைய வடிவம் எங்கே மிச்சம் இருந்ததுன்னு கேட்டா ஆச்சரியமா இருக்கும். கோயில்ல. நம்ம அம்மனுக்குப் பட்டுச் சாத்துற மாதிரி, அவங்க ஊர் மாதா சிலைகளுக்கும் புனிதர் சிலைகளுக்கும் உய்பில் சாத்துவாங்க. ஒண்ணு மேல ஒண்ணா சாத்தின பழைய உடுப்புகள் பத்திரமா இருந்தது. அதையும், சேகரிச்சு வச்சிருந்த பழைய துணிகளையும் பார்த்துப் பார்த்து, நெசவுக்காரிகள் இழை எண்ணி மறுபடியும் நெய்யக் கத்துக்கிட்டாங்க. செடி, பட்டை, பூச்சியில் இருந்து சாயம் எடுக்கிற முறையும் திரும்ப வந்தது. நெசவுக்காரிகளும் மாரிஸும் சேர்ந்து தொடங்கினதுதான் ஸ்னா ஹோலோபில் கூட்டுறவு. பல கிராமத்தில் இருந்து நூற்றுக்கணக்கான பெண்கள் சேர்ந்தாங்க. நெசவு அவரவர் வீட்டில், விற்பனை நகரத்துக் கடையில். எந்த நகரத்தில் நடைபாதையில் நடக்க விடலையோ அதே நகரத்தில், பெரிய கோயில் பக்கத்தில், அவங்களுக்குன்னு ஒரு வாசல் திறந்தது.

அதுக்குப் பிறகு வேற சங்கங்களும் வந்தது. 1994 ஜனவரி 1-ஆம் தேதி சியாபாஸ் மலை மக்கள் ஜாப்பதிஸ்தா என்ற பேரில் ஆயுதம் ஏந்திக் கிளம்பினாங்க. அவங்க வெளியிட்ட பெண்கள் சட்டத்தில், வேலைக்கு நியாயமான கூலி, எத்தனை பிள்ளை வேணும்னு தானே முடிவு பண்ற உரிமை, விருப்பமில்லாத கல்யாணத்துக்குச் சம்மதிக்காத உரிமை எல்லாம் எழுதியிருந்தது. 1996-ல் ஹோலோம் மாயேட்டிக் என்ற நெசவுப் பெண்கள் கூட்டுறவு உருவாச்சு. அதுல தலைவி, பொருளாளர், கிராமப் பிரதிநிதி எல்லாமே மாயாப் பெண்கள். ஸ்பானிஷ் மொழி தெரியாத பெண்கள் கணக்கு எழுதக் கத்துக்கிட்டாங்க, கூட்டத்தில் எழுந்து பேசினாங்க, வெளிநாடு போய்த் தங்கள் துணியைப் பத்தித் தாங்களே விளக்கினாங்க.

வியாபாரப் புத்தியும் அவங்களுக்குக் குறைவில்லை. தெருவில் துணிப் பொம்மை வித்துக்கிட்டிருந்த பெண்கள், 1994-க்கு அப்புறம் அதே பொம்மைக்கு ஜாப்பதிஸ்தா மாதிரி கருப்பு முகமூடியும் கையில குச்சித் துப்பாக்கியும் வச்சாங்க. வந்த பத்திரிகைக்காரங்களும் டூரிஸ்டுகளும் போட்டி போட்டு வாங்கினாங்க.

கடை திறந்தாலும் தீராத கஷ்டம்

எல்லாம் சுகம்னு எழுதினா அது வரலாறு ஆகாது. கூட்டுறவுக் கடைன்னா சரக்கு வித்த பிறகு பணம் வர்ற முறைதான் பெரும்பாலும். டூரிஸ்ட் வராத மாசம் அலமாரி நிறைய துணி இருக்கும், வீட்டுல சோளம் இருக்காது. அப்போ தரகர் குடுக்கிற குறைஞ்ச ரொக்கம் பெரிசாத் தெரியும். அதனால சங்கத்தில் இருந்துகிட்டே சந்தையில் அவசரத்துக்கு மலிவா விக்கிற பெண்களும் உண்டு. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

படிச்சதில் எனக்குப் பட்டது இதுதான். அஸ்டெக் அரசன் முதல் கோயோட்டே வரைக்கும் எல்லாரும் ஜெயிச்சது நெசவு தெரிஞ்சு இல்ல. ஒருத்தருக்கும் அந்தத் தறியில் உட்காரத் தெரியாது. நெய்தவளால நாளைக்கு வரைக்கும் காத்திருக்க முடியாது என்பதால ஜெயிச்சாங்க. கடை என்பது நாலு சுவரும் ஒரு ஷட்டரும் மட்டும் இல்ல. நல்ல விலை வர்ற வரைக்கும் பொருளை வச்சுக்கிட்டு இருக்கிற தெம்புதான் கடை.

மெக்சிகோ பாணி

இன்னொரு கஷ்டம் சமீபத்தில் வந்தது. ஹிடால்கோ மாநிலத்தில் தெனாங்கோ தே தோரியா என்ற ஊர்ப் பக்கம் ஒட்டோமி இனப் பெண்கள் வெள்ளைத் துணியில் பறவை, மிருகம், பூ எல்லாம் கலர் கலரா எம்பிராய்டரி போடுவாங்க. 1960-களில் மழை பொய்ச்சு விளைச்சல் இல்லாதப்ப, வயித்துப் பாட்டுக்காக விக்க ஆரம்பிச்ச வேலை அது. 2019-ல் கரோலினா ஹெரேரா என்ற பெரிய பேஷன் கம்பெனியின் உடுப்புகளில் அதே மாதிரி வடிவம் வந்தது. மெக்சிகோ கலாச்சார அமைச்சகம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினது. மெக்சிகோவின் அழகுக்கு மரியாதை செய்றதாக் கம்பெனி தரப்பில் சொன்னாங்க. ஓஹாகா மாநிலத்து மிஹே இனப் பெண்களின் ரவிக்கை வடிவத்தைப் போட்டதா 2015-ல் பாரீஸ் டிசைனர் இசபெல் மாரான் மேல புகார் வந்தது. 2020-ல் வேற ஒரு வடிவத்துக்காக மறுபடி புகார் வந்தப்ப அவங்க மன்னிப்புக் கேட்டாங்க.

இப்படிப் பல சண்டைக்கு அப்புறம், 2022 ஜனவரியில் மெக்சிகோவில் ஒரு சட்டம் வந்தது. பழங்குடிச் சமூகங்களின் வடிவங்களும் கலையும் அந்தச் சமூகத்துக்கே பொதுச் சொத்து, அவங்க சம்மதம் இல்லாம வியாபாரத்துக்கு எடுக்கக் கூடாது, எடுத்தா தண்டனை உண்டுன்னு சொல்ற சட்டம்.

மெக்சிகோ பாணி என்று எழுதின துணி இன்னிக்கு உலகம் பூராக் கிடைக்கும். மெஷினில் ஒரு நாளைக்கு எத்தனையோ போடலாம். அதுல மெக்சிகோக்காரி ஒருத்தி கை பட்டிருக்கணும்னு கட்டாயம் இல்ல. பாணி வேற, பாடு வேற. வாங்குறவங்களுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்றதுக்கும் நெய்தவளுக்கு ஒரு இடம் வேணும். அந்த இடமும் சொந்தக் கடைதான்.

நம்ம தீர்மானத்துக்கு

போன தை மாசம் வெளியூர் வியாபாரி ஒருத்தர் நம்ம மூணு குழுவுக்கும் சேர்த்துப் பெரிய ஆர்டர் குடுக்க வந்தது ஞாபகம் இருக்கும். முன்பணம் தர்றேன், ஆனா பெட்டியில உங்க குழு பேரு சீட்டு ஒட்டக் கூடாது, விலை நான் சொல்றதுன்னார். பாதிப் பேர் சரின்னாங்க, பாதிப் பேர் வேண்டாம்னாங்க. வேண்டாம்னவங்க விவரம் தெரிஞ்சவங்க, சரின்னவங்க விவரம் இல்லாதவங்க என்று யாரும் நினைக்க வேண்டாம். சரின்னவங்க வீட்டுல அந்த மாசம் பள்ளிக்கூடப் பீஸ் கட்ட வேண்டியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால கடை வாடகைக்கும் பலகைக்கும் பணம் ஒதுக்குறப்போ, இன்னொரு கணக்கையும் சேர்த்து எழுதணும்னு கேட்டுக்கிறேன். பெட்டி முடைஞ்சு கடையில வச்சவளுக்கு, அது விக்கிற வரைக்கும் வீட்டுச் செலவுக்குப் பாதி விலையாவது முன்கூட்டிக் குடுக்க ஒரு தொகை. அதுக்கு நம்மகிட்ட வழி இல்லாம இல்ல. வாராவாரம் போடுற சேமிப்பு இருக்கு, உள்கடன் இருக்கு, சுழல் நிதி இருக்கு. அதுல இருந்து ஒரு பங்கு கடைக்குன்னு தனியா நிக்கணும். ஒவ்வொரு பெட்டி அடியிலயும் முடைஞ்சவ பேரும் குழு பேரும் இருக்கணும். விலையை முடைஞ்சவளும் உட்கார்ந்திருக்கிற கூட்டத்துல பேசி வைக்கணும்.

இந்த மூணும் இருந்தா கடை எடுக்கலாம் என்பது என் கருத்து. வர்ற கூட்டத்துக்கு எல்லாரும் வாங்க, நாலு பேர் பேசட்டும், தீர்மான நோட்டுல நாம எல்லாரும் கையெழுத்துப் போடுவோம்.